யார் வீட்டுப் பிள்ளை?

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியதும் திருச்சியில் கூடுகள் நிரம்பிவிடும். காற்றில் விழுவதும், கிளை வெட்டும்போது சரிவதும், பறக்கப் பழகும்போது இறங்குவதுமாகக் குஞ்சுகள் நம் வாசலுக்கே வந்துவிடும். ‘இது என்ன குஞ்சு?’ என்று கேட்டு எழுதியவர்களுக்கு இந்த இதழில் பதில்கள்.

மீட்டர் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குஞ்சு விழுந்தது. உடம்பில் பொட்டு முடி இல்லை, கண்ணும் திறக்கவில்லை, கட்டைவிரல் நுனி அளவுதான். சிட்டுக்குருவியா, மைனாவா?
*– வாசகி, சித்திரை வீதி, ஸ்ரீரங்கம்*

சிட்டுக்குருவிதான். மீட்டர் பெட்டி, சுவர்ப் பொந்து, சுவாமி படத்தின் பின்புறம் எல்லாம் அது பரம்பரையாகக் குடியிருக்கும் இடங்கள். மைனாவும் பொந்தில் வைக்கும், ஆனால் அதன் குஞ்சு பிறக்கும்போதே இதைவிடப் பெரிதாக இருக்கும். சிட்டுக்குருவிக் குஞ்சு முட்டையை விட்டு வரும்போது மெல்லிய தூவிகூட இல்லாமல், தோலும் சதையுமாகத்தான் வரும். சுமார் இரண்டு வாரத்தில் அதே குஞ்சு இறக்கை முளைத்துக் கூட்டைவிட்டு வெளியேறிவிடும். கையில் எடுத்து, உடம்பு சில்லிட்டிருந்தால் உள்ளங்கைச் சூட்டில் கொஞ்ச நேரம் வைத்திருந்து, மீட்டர் பெட்டிக்குப் பின்னாலேயே விட்டுவிடுங்கள்.

மனிதர் கை பட்டால் தாய் சேர்க்காது என்கிறார்களே?
*– வாசகர், தில்லைநகர்*

சேர்க்கும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை புழு தேடி அலையும் தாயும் தகப்பனும், ஒரு கை பட்டதற்காகப் பிள்ளையைக் கைவிடாது. இந்தப் பயத்தாலேயே பலர் குஞ்சைக் கூட்டில் வைக்காமல் வீட்டுக்குள் எடுத்துப்போகிறார்கள். அதுதான் உண்மையான ஆபத்து. ஒருமுறை தொட்டு வைப்பதில் தவறில்லை. மணிக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதுதான் தவறு. நீங்கள் எங்கே பார்க்கிறீர்கள் என்பதைக் காகமும் பூனையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

எந்தப் பறவையாக இருந்தால் என்ன? கொஞ்சம் சோறும் பாலும் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளாதா?
*– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பொன்மலை*

உங்கள் இரக்கம் பெரிது ஐயா. ஆனால் சோறும் பாலும் எந்தக் காட்டுப் பறவையின் குஞ்சுக்கும் உணவில்லை. பாலைச் செரிக்கும் வயிறு பறவைக்குக் கிடையாது. சிட்டுக்குருவி தானியம் கொறித்தாலும் தன் குஞ்சுக்குப் பெரும்பாலும் பூச்சியும் புழுவும்தான் ஊட்டும். பருந்துக் குஞ்சுக்கு மாமிசம். புறாக் குஞ்சுக்குத் தாய் தகப்பனின் தொண்டைப் பையில் சுரப்பது. ஆள்காட்டிக் குஞ்சுக்கு யாருமே ஊட்ட வேண்டாம், தானே பொறுக்கித் தின்னும். பெயரைத் தவறாகச் சொன்னால் உணவும் தவறிப்போகும்.

தண்ணீரிலும் எச்சரிக்கை வேண்டும். பறவையின் மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். அலகைப் பிரித்துச் சொட்டுச் சொட்டாக விடும் தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். எத்தனையோ குஞ்சுகள் பாசத்தோடு ஊற்றிய தண்ணீரிலேயே போய்ச் சேர்கின்றன.

பெயர் தெரிந்துகொள்வது நாம் வளர்ப்பதற்காக அல்ல. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால்தான் அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

எந்தக் குஞ்சைப் பார்த்தாலும் எனக்கு ஒரே மாதிரி தெரிகிறது. என்னென்ன கவனிக்க வேண்டும்?
*– ஏழாம் வகுப்பு மாணவன், உறையூர்*

தம்பி, நிறத்தைக் கடைசியில் பார். குஞ்சின் நிறம் வாரத்துக்கு வாரம் மாறும். முதலில் இடம்: பொந்தா, கிளையா, ஓலையா, தரையா? அடுத்தது வாய். மைனா, சிட்டுக்குருவி, கொண்டைக்குருவி ஆகியவற்றின் குஞ்சுகளுக்கு அலகின் ஓரத்தில் தடித்த உதடு இருக்கும். நிழல் பட்டாலே வாயை ஆவென்று திறக்கும். வயல்வெளியில் கூட்டமாகப் பறக்கும் சில்லையின் குஞ்சு வாயைத் திறந்தால் உள்ளே கரும்புள்ளிக் கோலம் தெரியும். இருட்டுக் கூட்டுக்குள் எங்கே ஊட்டுவது என்று தாய்க்குக் காட்டும் அடையாளம் அது. புறாக் குஞ்சு வாயைப் பிளந்து கேட்காது, தன் அலகைத் தாயின் வாய்க்குள் நுழைத்து உறிஞ்சும்.

மூன்றாவது கால் விரல்கள்: முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை? நான்காவது தூவி: இருக்கிறதா, இருந்தால் என்ன நிறம்? இந்த நான்கையும் குறித்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்று யார் தீனியோடு வருகிறார்கள் என்று பார். ஐந்தாவதான அந்தச் சாட்சி முதல் நான்கையும் மிஞ்சும்.

மலைக்கோட்டை முழுக்க மாடப்புறா. ஆனால் ஒரு புறாக் குஞ்சைக்கூட நான் தெருவில் பார்த்ததில்லை. எங்கே போகின்றன?
*– கடை உரிமையாளர், சின்னக்கடை வீதி*

எங்கும் போவதில்லை, போகாமல் இருப்பதால்தான் தெரிவதில்லை. மாடப்புறாக் குஞ்சு ஏறக்குறைய ஒரு மாதம் கூட்டிலேயே இருந்து, பெரிய புறாவின் அளவுக்கு வந்த பிறகே வெளியே தலைகாட்டும். நீங்கள் தினமும் பார்க்கும் கூட்டத்தில் அதுவும் இருக்கிறது. கழுத்தில் பச்சையும் ஊதாவும் மின்னாமல் மங்கலாக இருந்து, அலகின் அடியில் உள்ள தடிப்பும் இன்னும் வெளுக்காமல் இருந்தால் அது இந்தப் பருவத்துப் பிள்ளை. தலையில் இரண்டொரு மஞ்சள் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஏசி பெட்டியின் மேல் கூடு இருந்தால் சின்னக் குஞ்சையே பார்க்கலாம்: மஞ்சள் மயிர், உடம்புக்குப் பொருந்தாத பெரிய அலகு, பெரும்பாலும் இரண்டு குஞ்சுகள். அவற்றுக்குத் தாயும் தகப்பனும் இருவருமே ‘பால்’ ஊட்டுகிறார்கள். நம் தாய்மார்களுக்குப் பால் சுரக்கத் தூண்டும் புரோலாக்டின்தான் புறாவின் தொண்டைப் பையிலும் அதைச் சுரக்கச் செய்கிறது. உலகில் புறா இனம் தவிர, பூநாரையும் ஆண் பேரரசப் பெங்குவினும் இப்படித் தொண்டையில் சுரந்து ஊட்டுகின்றன.

வேப்பமரத்திலிருந்து காக்கைக் குஞ்சு விழுந்தது. உடம்பில் வெளிறிய புள்ளிகள் இருக்கின்றன. பக்கத்தில் போனால் காகங்கள் தலையில் கொத்துகின்றன. இது என்ன?
*– குடும்பத் தலைவி, திருவானைக்காவல்*

அதன் காலைப் பாருங்கள். காக்கைக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. புள்ளிகளும் சேர்ந்திருப்பதால் உங்கள் விருந்தாளி குயில்தான்.

குயில் கூடு கட்டுவதில்லை, காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் முட்டை சுமார் இரண்டு வாரத்தில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு அதைவிடச் சில நாள் கூடுதலாகப் பிடிக்கும். முந்திப் பிறந்தவனுக்கு முதல் கவளம். ஐரோப்பாவின் குயில் இன்னும் கடுமையானது. அதன் குஞ்சு கண் திறக்கும் முன்பே கூட்டிலுள்ள மற்ற முட்டைகளையும் குஞ்சுகளையும் முதுகால் நெம்பி வெளியே தள்ளும். இதைக் கண்டு 1788இல் எழுதியவர், பிறகு அம்மைத் தடுப்பூசியால் உலகப் புகழ் பெற்ற எட்வர்ட் ஜென்னர். நம் ஊர்க் குயில் குஞ்சு பொதுவாக அப்படித் தள்ளுவதில்லை. காக்கைப் பிள்ளைகளோடு சேர்ந்தே வளர்வதும் உண்டு.

காகங்கள் உங்களைக் கொத்த வருவது நல்ல சேதி. வளர்த்தவர்கள் இன்னும் கைவிடவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு போய், குஞ்சைக் கைக்கெட்டிய கிளையில் ஏற்றிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

அம்மா மண்டபம் பக்கம் தென்னையிலிருந்து ஒரு பருந்துக் குஞ்சு இறங்கியிருக்கிறது. முழுக்கப் பழுப்பு. தலை வெள்ளையாக இல்லாததால் கருடன் இல்லை என்கிறார் பக்கத்து வீட்டு மாமா.
*– வாசகர், ஸ்ரீரங்கம்*

மாமா அவசரப்பட வேண்டாம். கும்பாபிஷேகத்தில் நாம் அண்ணாந்து தேடும் வெள்ளைத் தலையும் செம்பழுப்பு உடம்பும் கருடனுக்கு வயது வந்த பிறகே வரும். கூட்டைவிட்டு இறங்கும் பிள்ளை பழுப்பாகத்தான் இருக்கும், கள்ளப்பருந்தின் பிள்ளையும் பழுப்புதான். வால் வளர்ந்திருந்தால் அதுதான் தீர்ப்புச் சொல்லும். நுனி வட்டமாக இருந்தால் கருடன், நடுவில் உள்வாங்கி இரண்டாகப் பிளந்த மாதிரி இருந்தால் கள்ளப்பருந்து. வால் இன்னும் குட்டையாக இருந்தால் மரத்துக்கு எந்தப் பெரியது வருகிறது என்று பாருங்கள். கருடன் நீர்நிலையோரத்து உயர்ந்த மரங்களில் மார்கழி முதல் பங்குனி வரை கூடு வைக்கும். காவிரிக்கரைத் தென்னை என்பதும் அதற்குச் சாதகமான சாட்சி.

எதுவானாலும் வெறுங்கையால் தூக்காதீர்கள். அலகைவிட நகம் ஆபத்தானது. தடித்த துண்டால் மூடி, காற்றுத் துளையிட்ட அட்டைப் பெட்டியில் வைத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தராது. கருடன் என்றால் கற்பூரம், பருந்து என்றால் கல் என்ற பேதம் மட்டும் வேண்டாம். இரண்டும் இந்த ஆற்றங்கரையின் பிள்ளைகள்.

பனை ஓலை கழித்தபோது ஓர் ஓலையின் அடியில் கிண்ணம் மாதிரி சின்னக் கூடு. ஓலையைக் கவ்விக்கொண்டு இரண்டு குஞ்சுகள். என்ன செய்வது?
*– விவசாயி, கொள்ளிடக்கரை*

பனை உழவாரன். தொங்கும் பனை ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் தன் எச்சிலால் ஒட்டிக் கூடு செய்யும். பறந்துகொண்டே பூச்சி பிடித்துத் தின்னும் பறவை. கால் மிகச் சிறியது. அதனால் கிளையில் உட்கார முடியாது, செங்குத்தாகப் பற்றித் தொங்க மட்டுமே முடியும். கிளையிலோ தரையிலோ விட்டால் குஞ்சு பிழைக்காது. கூடு ஒட்டிய ஓலைத் துண்டை அப்படியே எடுத்து, முன்பு தொங்கிய வாக்கிலேயே அதே பனையிலோ பக்கத்துப் பனையிலோ கயிற்றால் கட்டுங்கள். தாய் தேடி வந்துவிடும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். மரத்துக்குக் கிடைத்த அந்தக் காவல் ஓலைக்கடியில் இருக்கும் இந்தக் குடும்பங்களுக்கும் காவல்தான்.

கோபுர மாடத்திலும் மண்டபத்து மேற்கூரையிலும் கூட்டமாகக் கூடு வைத்துக் கீச்சிடுவது தகைவிலான்தானே?
*– கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்*

கூட்டைப் பாருங்கள். மண் உருண்டையால் பூசியிருந்தால் தகைவிலான். இறகும் வைக்கோலும் எச்சிலால் ஒட்டியிருந்தால் நாட்டு உழவாரன். கீழே விழுந்த குஞ்சின் காலிலும் விடை இருக்கிறது. உழவாரனுக்கு நான்கு விரலும் முன்னோக்கி இருக்கும், தகைவிலானுக்கு ஒன்று பின்னால்.

பழைய வீட்டுப் பரணில் மூன்று வெள்ளைக் குஞ்சுகள். மூன்றும் மூன்று அளவு. புஸ் புஸ்ஸென்று சீறுகின்றன. அபசகுனம், எடுத்து வெளியே போடு என்கிறார் மாமியார்.
*– மருமகள், அடையவளஞ்சான் வீதி*

முகம் இதய வடிவில், கண் கறுப்பாக இருந்தால் கூகை. அளவில் சின்னதாக, கண் மஞ்சளாக இருந்தால் புள்ளி ஆந்தை. வெள்ளைத் தூவியும் சீறலும் இருப்பதால் உங்களுடையது கூகை.

அளவு வேறாக இருந்தாலும் மூன்றும் ஒரே தாய் மக்கள். கூகை ஒன்றிரண்டு நாள் இடைவெளி விட்டு முட்டையிடும். முதல் முட்டை விழுந்ததும் அடைகாக்க உட்கார்ந்துவிடும். அதனால் மூத்தது, நடுவுள்ளது, இளையது என்று வரிசையாகப் பொரியும். இரண்டு மாதம் போலப் பொறுத்துக்கொள்ளுங்கள், பறந்துவிடும். அதுவரை பரண் பக்கம் ஓர் எலிகூட நெருங்காது. டெல்டா வயல்களில் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று விவசாயிகள் குச்சி நட்டு வைக்கிறார்கள். உங்களுக்கு அழைக்காமலே வந்திருக்கிறது. மாமியாரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: ஆந்தை மகாலட்சுமியின் வாகனம்.

கொள்ளிடம் மணலில் விளையாடும்போது என் மகன் ஒரு குஞ்சைத் தூக்கிவந்துவிட்டான். கூடே இல்லை, அம்மாவும் இல்லையாம். கண் திறந்திருக்கிறது, ஓடுகிறது.
*– தாய், கீதாபுரம்*

ஓடுகிறது என்ற ஒரு சொல் போதும். ஆள்காட்டிக் குஞ்சு. மண்ணில் சின்னப் பள்ளம்தான் அதற்குக் கூடு. முட்டையிலிருந்து வந்த சில மணி நேரத்திலேயே தூவி போர்த்திய உடம்போடு நடக்கும், தானே தீனி பொறுக்கும். ஆபத்து என்று தாய் கத்தினால் கூழாங்கற்களுக்கு நடுவே படுத்து அசையாமல் கிடக்கும். உங்கள் மகன் கண்டது அந்தக் கோலத்தைத்தான். அம்மா தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்திருப்பாள். இன்றே அதே இடத்தில் விட்டுவிட்டு நூறடி விலகி நில்லுங்கள். மகனையும் அழைத்துப் போங்கள். தாயும் பிள்ளையும் சேர்வதைப் பார்த்தவன் மறுபடி தூக்க மாட்டான்.

உய்யக்கொண்டான் கால்வாய்க் கரை சரிந்தபோது முள்ளு முள்ளாக ஒரு குஞ்சு கிடைத்தது. அலகின் கீழ்ப்பாதி மேல்பாதியைவிட நீளம். ஊனமா?
*– வாசகர், புத்தூர்*

ஊனமில்லை, மீன்கொத்தி. கரையில் வளை குடைந்து முட்டையிடும் இனம். குஞ்சின் கீழலகு முதலில் நீண்டிருப்பது இயல்பு, பிறகு சமமாகிவிடும். முள்ளாகத் தெரிவது இறகுதான். உறை பிரியாமல் நெடுநாள் இருந்து, கடைசியில் விரியும். வளை மிச்சமிருந்தால் உள்ளே விடுங்கள். முழுக்கச் சரிந்திருந்தால் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ ஒப்படையுங்கள். மீனுக்கு அலைய வேண்டாம். நம் ஊரில் அதிகம் தென்படும் வெண்மார்பு மீன்கொத்தி வெட்டுக்கிளி, பல்லி, நண்டு எல்லாம் பிடித்து ஊட்டும்.

‘லவ் பேர்ட்ஸ் குஞ்சு’ என்று பச்சைக் குஞ்சுகள் விற்கிறார்கள். கழுத்தில் வளையம் இல்லாததால் நாட்டுக்கிளி இல்லை என்கிறார் விற்பவர்.
*– வாசகி, கே.கே. நகர்*

வளையம் ஆண் கிளிக்கு மட்டும், அதுவும் மூன்று வயதை ஒட்டித்தான் வரும். குஞ்சுக்கு எப்படி இருக்கும்? உடம்பு பெரிதாக, வால் நீளத் தொடங்கி, அலகு சிவக்கத் தொடங்கியிருந்தால் அது நம் பச்சைக்கிளிதான். பிடிப்பது, விற்பது, வாங்குவது, வளர்ப்பது நான்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இரக்கப்பட்டு வாங்கிப் பறக்கவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். நீங்கள் கொடுக்கும் பணம் அடுத்த பொந்தில் கைவிடக் கூலியாகிவிடும். வனத்துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

கோழிக்குஞ்சோடு சேர்ந்து ஒரு மயில் குஞ்சும் வளர்கிறது. வயலில் கிடைத்த முட்டையைக் கோழிக்கு அடைவைத்தோம். தவறா?
*– வாசகர், விராலிமலை*

முருகன் மலையடிவாரத்தில் இருந்து கேட்கிறீர்கள், மறைக்காமல் சொல்கிறேன்: தவறு. மயில் 1963 முதல் தேசியப் பறவை. சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முட்டையை எடுப்பதும் குற்றமே. உடனே வனத்துறையிடம் நீங்களாகவே ஒப்படையுங்கள். இனி முட்டையைக் கண்டால் அந்த இடத்தை மட்டும் உழாமல் விட்டுவிடுங்கள்.

படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் நாலு பேர் நாலு பெயர் சொல்கிறார்கள். எதை நம்புவது?
*– வாசகர், பெல் டவுன்ஷிப்*

படத்தைச் சரியாக எடுத்தால் நாலு பேரும் ஒரே பெயர் சொல்வார்கள். மேலிருந்து ஒரே ஒரு படம் போதாது. பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து முழு உடல், கால் விரல்கள், வாய், கிடந்த மரமும் கூடும் என நான்கு படங்கள் வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கீழே விழுந்த குஞ்சுக்கு மட்டும்தான் இந்த அனுமதி. கூட்டில் இருக்கும் குஞ்சைத் தொல்லை செய்து படம் எடுக்காதீர்கள்.

இதற்கெல்லாம் விலங்கியல் படித்திருக்க வேண்டுமா?
*– பள்ளி ஆசிரியை, திருவெறும்பூர்*

1896இல் பிறந்த சாலிம் அலி, சிறுவனாக இருந்தபோது தொண்டையில் மஞ்சள் தீற்றுள்ள ஒரு குருவியைச் சுட்டுவிட்டு, அதன் பெயர் தெரியாமல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட், பையன்தானே என்று விரட்டாமல் பெயரைச் சொல்லி, கழகத்தின் பறவைச் சேகரிப்பையும் திறந்து காட்டினார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமலே அந்தப் பையன் இந்தியப் பறவைகளின் பேராசானானார். உங்கள் வகுப்பிலும் ‘இது என்ன குஞ்சு டீச்சர்?’ என்று ஒருவன் கேட்பான். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு அவனை அழைத்துப் போங்கள்.

கீழே கிடக்கும் குஞ்சு குட்டை வாலோடு தத்தித் தத்திப் போகிறது. எடுப்பதா, விடுவதா?
*– வாசகர், காஜாமலை*

இறகு மூடியிருந்தால் விடுவது. அது விழவில்லை, பறக்கக் கற்றுக்கொள்கிறது. தாய் பக்கத்தில்தான் இருக்கும். இறகு முளைக்காத குஞ்சை மட்டும் கூட்டில் வையுங்கள். கூடு சிதைந்திருந்தால் சின்னக் கூடையில் தேங்காய் நார் பரப்பி அதே கிளையில் கட்டுங்கள். ரத்தம் வந்தாலோ, பூனை கவ்வியிருந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்கு எடுத்துப் போங்கள்.

ஒரே வரியில் சொல்லுங்கள்: குஞ்சைக் கண்டதும் முதலில் செய்ய வேண்டியது என்ன?
*– ஆட்டோ ஓட்டுநர், சத்திரம் பேருந்து நிலையம்*

நாயையும் பூனையையும் விரட்டிவிட்டு, அண்ணாந்து பாருங்கள்.